நாத்தனார் முடிச்சுக்கு லீவு

ஆவடி
4 ஜனவரி 1987

அன்புத் தங்கச்சி ஞானகுமாரிக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே நானும் அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீன் அடுப்பும் அணையாமல் இருக்கிறோம். நீயும் பம்பாயில் ஆகாசத்துக்கும் தரைக்குமாக நல்லபடி ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நான் நாலாங்கிளாஸோடு நின்றவன். கையெழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கும். படித்த பிள்ளை நீ, உட்கார்ந்து நிதானமாகப் படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

எனக்குக் கல்யாணம்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, மேலே படி. நாற்பத்திரண்டு வயசில் இவனுக்கு யார் பெண் கொடுத்தது என்றுதானே கேட்கிறாய். பெண்ணே பார்த்துக் கொடுத்ததுதான். பேர் சாராள். திருநின்றவூரிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வந்து எங்கள் பாக்டரி பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் தட்டோடு நேராக என் முன்னால் வந்து நின்று, "இன்னாங்க இது, சாம்பாரா, இல்ல பைப்புத் தண்ணிக்கு மஞ்சா பூசி அனுப்பினீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என் சாம்பாரைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் திட்டிவிட்டு மறுநாளும் வந்து, "இன்னிக்குப் பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனவள் இவள் ஒருத்திதான். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் அண்ணன் தங்கச்சிக்கு எழுதக்கூடாது.

அவள் அப்பா பேர் பிரகாசம். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே நிபந்தனை. தாலியில் முதல் முடிச்சை நான் போட்டதும், மீதியை என் கூடப்பிறந்த தங்கச்சி, அதாவது பெண்ணுக்கு நாத்தனாராகப் போகிற நீதான் போட வேண்டும். மூத்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இல்லாமல் பக்கத்து வீட்டம்மா முடிச்சுப் போட்டாராம். அந்த மாப்பிள்ளை துபாய்க்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. நம் சபைப் போதகர் ஜோசப்ராஜ் ஐயர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார், வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று. "வேதத்துல இல்லாட்டி இன்னா ஐயரே, திருநின்னவூர்ல கீது" என்றுவிட்டார் மாமா.

மார்ச் 2, திங்கட்கிழமை கல்யாணம். அந்தப் புதன்கிழமை லெந்து, நாற்பது நாள் நோன்பு, ஆரம்பம். ஆரம்பித்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் ஐயர் யாருக்கும் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டார். அதனால் இப்பவே உன் கம்பெனியில் சொல்லி வை. நீயும் தட்டு தூக்குகிற வேலை, நானும் தட்டு தூக்குகிற வேலை. எனக்கு கேன்டீனில் கைதட்டி லீவு கொடுத்தார்கள். உனக்கு மட்டும் தராமல் போவார்களா?

மாப்பிள்ளை ஆகிவிட்ட அண்ணன்,
ஜெயபால்


பம்பாய்
10 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றபடிதான் படித்தேன். பிறகு படியிலேயே உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அண்ணியின் படம் ஒன்று அனுப்பு. நீ பக்கத்தில் நிற்காத படமாக இருந்தால் நல்லது, கண் அவரிடம் போகும்.

இப்போது என் கவலையைக் கேள். இங்கே உன் கேன்டீன் மாதிரி இல்லை. யார் எந்த விமானத்தில் எந்த ஊருக்குப் போவது என்கிற ரோஸ்டரை சனிக்கிழமை சாயந்திரம்தான் ஒட்டுவார்கள், திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கு. அதுவரை எங்கள் வாழ்க்கையில் என்ன நடக்கப்போகிறது என்பது எங்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீ திங்கட்கிழமையாகப் பார்த்துத் தேதி குறித்திருக்கிறாய். நடுவில் ஸ்டாண்ட்பை என்று ஒன்று வேறு, யாராவது வராவிட்டால் பதிலுக்குப் போக. விடியும் முன்பே கொண்டை போட்டு, பவுடர் பூசி, புடவை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேன் வந்தால் வேலை. வராவிட்டால் நாள் முழுக்கக் கொலு பொம்மை.

ரோஸ்டர் போடும் அதிகாரி வீரராகவன். நம் பக்கத்துக்காரர்தான், ஆனால் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் இல்லை என்பார். "வீட்டில் கல்யாணம்" என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் வேறு பக்கம் பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்ட வேண்டும் என்று எங்கள் பணிப்பெண்கள் சங்கம் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறது. செயலாளர் தாட்சாயிணி அக்கா என்னிடமும் நீட்டினார். நான் போடவில்லை. சங்கத்திலும் சேரவில்லை. வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. போட்டால் வீரராகவன் மனதில் வைத்துக்கொள்வார், உன் கல்யாணத்துக்கு லீவு போய்விடும். தலைவலி என்று சொல்லி நகர்ந்தேன். அக்கா பையைத் திறந்து மாத்திரை கொடுத்தார். அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

ஞானம்


ஆவடி
17 ஜனவரி 1987

அன்புத் தங்கச்சிக்கு,

கொலு பொம்மை எப்படி இருக்கிறது? உன் கடிதத்தை சாராளுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், ஒக்காந்துகினே இருந்தா இடுப்பு போய்டுமே" என்றாள். உன்மேல் எனக்கு முன்னால் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

படம் இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். சாராளுக்கு எடுத்த வெள்ளைக் கல்யாணப் புடவையை ஒரு பார்சலாகக் கட்டி உன் பேருக்குப் போட்டுவிட்டேன். கோயிலில் தலைக்குப் போடுகிற வலை இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. புடவை ஒரு வெள்ளை, வலை இன்னொரு வெள்ளையாக இருந்தால் போட்டோவில் பழசு மாதிரி தெரியும் என்று சாராள் சொல்கிறாள். பம்பாயில் கிடைக்காத வெள்ளையா? புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒத்துப்போகிற வலையாக வாங்கு. தலைக்கு வைக்கிற வெள்ளைத் துணிப் பூவும் உள்ளே இருக்கிறது. இடம் மிச்சம் இருந்ததால் நானே சுட்ட அதிரசமும் வைத்திருக்கிறேன். மாசாமாசம் உன்னைத் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்களே, அதற்கு முன்னால் சாப்பிடாதே, பின்னால் சாப்பிடு.

உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் பார்சலைத் தொலைக்கிறவர் என்று முன்பு எழுதியிருந்தாய். அதனால் புத்தியாக உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பிவிட்டேன்.

ஜெயபால்


பம்பாய்
27 ஜனவரி 1987

திரு. ஜெயபால் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. நான் கல்கத்தாவில் இருந்த நாளில் வந்தது. அதிரசத்துக்கு எறும்பு வந்தது. எறும்பைக் கண்ட ஆபீஸ் ஆட்கள் பார்சலைப் பிரித்தார்கள். நான் திரும்பி வந்தபோது வீரராகவன் மேசைமேல் உன் வெள்ளைப் புடவை விரித்துக் கிடந்தது. அதன்மேல் பூ.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். உன்னிடம் சொன்னதில்லை, எனக்கு நீ மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். "வீட்டில் கல்யாணம்" என்று நான் எழுதிக் கொடுத்த விடுப்பும் பக்கத்திலேயே இருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துவிட்டார்.

"கல்யாணம் எனக்கில்லை, என் அண்ணனுக்கு" என்றேன்.

"அண்ணனுக்கு என்ன வயது?"

"நாற்பத்திரண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல்முறையாகத் தமிழில் பேசினார். "இதைவிட நல்லதா ஒண்ணு யோசிச்சுட்டு வாம்மா."

என்னை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து கரண்டிகளைத் துடைத்துக் கட்ட வேண்டும். தோழிகள் வாழ்த்துச் சொல்கிறார்கள். ஒருத்தி மாப்பிள்ளை சிவப்பா என்று கேட்கிறாள்.

இனி எதையும் அனுப்பாதே. கடிதம்கூட.

ஞானகுமாரி


ஆவடி
1 பிப்ரவரி 1987

தங்கச்சி ஞானம்,

கடிதம் அனுப்பாதே என்று எழுதினாய். இது கடிதம் இல்லை, மன்னிப்பு. இதற்குத் தடை போட முடியாது.

நீ எழுதியதைக் கேட்டதும் சாராள் என்னைத் திட்டிய திட்டுக்கு என் சாம்பார் எவ்வளவோ மேல். "பொடவைய ஆபீஸுக்கு அனுப்ற ஆள ஒலகத்துலயே இப்பதான் பாக்றேன்" என்றாள். வலையே வேண்டாம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன், அந்தப் பெண் வேலையை மட்டும் காப்பாற்றுங்கள் என்கிறாள். நான் பம்பாய்க்கு வந்து அந்த அதிகாரி முன்னால் நிற்கட்டுமா? என் முகத்தைப் பார்த்தால் இவனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகும் என்று நம்பிவிடுவார்.

இன்றைக்குக் கோயிலில் எங்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது உனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சபை முழுக்கக் கேட்கிறது, கேட்க வேண்டிய அந்த அதிகாரி ஒரு மனுஷன் மட்டும் பம்பாயில் இருக்கிறானே என்று இருந்தது.

வேலை போனால் இங்கே வா, கேன்டீனில் ஒரு கரண்டி சும்மாதான் தொங்குகிறது. கிண்டல்தான், அழாதே. நீ அந்த வேலைக்குப் போன நாளில் ஆவடி ஸ்டேஷனில் நான் எப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். அது போகக்கூடாது.

தலைவலிக்கு மாத்திரை கொடுத்தாரே ஒரு அம்மா, அவரிடம் போய்ப் பேசு. பொய் என்று தெரிந்தே மாத்திரை கொடுத்தவர் கதவைச் சாத்த மாட்டார்.

ஜெயபால்


பம்பாய்
7 பிப்ரவரி 1987

அண்ணா,

கோபம் பாதி தணிந்திருக்கிறது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

தாட்சாயிணி அக்காவிடம் போனேன். "தலைவலி எப்படி இருக்கு?" என்றார். நான் அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை அவர் கொண்டை ஊசிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு விளக்கினார். விசாரணையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வரலாம். ஆனால் சங்கத்தில் இருப்பவளுக்குத்தான் சங்கம் வரலாம். அங்கேயே சேர்ந்தேன். ரோஸ்டர் மனுவை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குமேல் அத்தனை பெயர்கள் இருந்தன, அண்ணா. நான் மட்டும்தான் பயந்திருக்கிறேன் போலிருக்கிறது.

நீ எழுதிய ஓலை விஷயத்தைச் சொன்னேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர் கேட்க வாசிக்கிறாங்களா? அப்ப நான் போய்க் கேட்டுட்டு வந்து சாட்சி சொல்றேன்" என்றார். பதினான்காம் தேதி அவருக்கு மெட்ராஸ் விமானம், இரவு அங்கே தங்கல். மறுநாள் உன் மூன்றாம் ஓலை.

அவர் இதுவரை சர்ச்சுக்குள் போனதில்லை. எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று பக்கத்தில் யாராவது சொல்லிக்கொடுங்கள்.

ஞானம்


ஆவடி
15 பிப்ரவரி 1987

அன்புத் தங்கச்சிக்கு,

சொல்லிக்கொடுக்கத்தான் இருந்தோம். சொல்லிக்கொடுப்பதற்குள் நடந்துவிட்டது.

தாட்சாயிணி அம்மா வந்தார்கள். நீலப் பட்டு, ஒரு முடிகூட நகராத கொண்டை, நடந்தால் தரை டக் டக் என்கிறது. சாராளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஐயர் ஓலையை வாசித்தார். ஆவடி ஜெயபாலுக்கும் திருநின்றவூர் பிரகாசம் மகள் சாராளுக்கும் என்று முடித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம். இது மூன்றாம் முறை வாசிப்பது" என்று சபையைப் பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான்.

அம்மா எழுந்து நின்றார்கள்.

சபை மொத்தமும் திரும்பியது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "மாப்ளே, யாருயா இந்தம்மா? எத்தினி நாளா நடக்குது?" என்று காதில் சீறினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கணீரென்று, "விமானப் பணிப்பெண்கள் சங்கத்தின் சார்பில் இதை நான் வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

கூட்டம் என்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும் என்று பழகியவராம். யாரும் எழுந்திருக்காததால் எங்கள் கல்யாணம் தோற்றுப்போகுமோ என்று பயந்துவிட்டாராம். ஐயர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு, "சங்கத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டு நம்பரைச் சொன்னார். ஒருத்தராலும் பாட முடியவில்லை.

காலரை விட்டதற்கு அடையாளமாக மாமா அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார். சனிக்கிழமை ஒட்டுகிற ரோஸ்டர், ஸ்டாண்ட்பை, தராசு எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தண்டவாளத்துல சுத்தி தட்றவனுக்கே டூட்டி எப்பன்னு முன்னாடியே சொல்வாங்கோ. ஆகாசத்துல போற பொண்ணுங்களுக்கு சொல்ல மாட்டானா?" என்று என்னைக் கேட்கிறார், நான் ஏதோ விமானக் கம்பெனி முதலாளி மாதிரி.

ஜெயபால்


பம்பாய்
19 பிப்ரவரி 1987

அண்ணா,

விசாரணை முடிந்தது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "நானே போனேன், நானே கேட்டேன், வழிமொழிந்தும் வந்தேன்" என்றார். கடைசி வார்த்தையில் மேலதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு யாராலும் விசாரணை நடத்த முடியவில்லை. நாளையிலிருந்து மறுபடி விமானத்தில் ஏறுகிறேன். நான்கு வருட விதி அப்படியேதான் இருக்கிறது. அதையும் விடப்போவதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

இது நல்ல செய்தி. இனி மற்றது.

வெளியே வந்ததும் வீரராகவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மார்ச் இரண்டாம் தேதி லீவு தருகிறேன், இரண்டு நாளாகக்கூட எடுத்துக்கொள் என்றார். மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துக்கொள்வதாக ஒரு வரி எழுதித் தந்தால் போதுமாம். "அண்ணன் கல்யாணம்தானே முக்கியம்?" என்று மிக நயமாகக் கேட்டார்.

முக்கியம்தான். அந்த முடிச்சை நான் போடாவிட்டால் பிரகாசம் மாமா சம்மதிக்க மாட்டார். உனக்கு இத்தனை வயதுக்குமேல் வந்த கல்யாணம். ஆனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களின் பெயருக்குக் கீழே இருக்கிற என் பெயரை நானே எப்படி அடிப்பேன்? இரண்டு நாளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யோசித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ரோஸ்டர் ஒட்டும்வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

நீ என்ன சொல்கிறாய்? கிண்டல் இல்லாமல் சொல். மெட்ராஸ் வரும் தோழி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவளிடமே கொடு.

ஞானம்


திருநின்றவூர்
20 பிப்ரவரி 1987

ஞானம்,

கிண்டல் இல்லாமல் எழுதச் சொன்னாய். பழக்கமில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்வதற்கு முன்னால், உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். மாமாவுக்கும் சாராளுக்கும் முழுசாகப் படித்துக் காட்டினேன். மாமா உன் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். நிபந்தனை போட்டவர் அவர்தானே.

பிறகு சொன்னார். "நாத்தனாரு வந்து முடிச்சு போடணும்னு நான் சொன்னேன். கையெழுத்த அடிச்சிட்டு வந்து போடணும்னு சொன்னேனா? பயந்துகினு போட்ட முடிச்சு எம்பொண்ணு கழுத்துக்கு வாணாம்."

"அப்ப கல்யாணம் மாமா?" என்றேன்.

"லெந்து முடியட்டும். ஈஸ்டருக்கு அப்பால வெச்சிக்கலாம். நாப்பத்திரண்டு வருசம் சும்மா இருந்தவன், இன்னும் நாப்பது நாளு இருக்க மாட்டியா?"

நான் சாராளைப் பார்த்தேன். இருக்க மாட்டார் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ, "ஞானத்த தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. தேதி தள்ளிப்போவது அவளுக்கும் வருத்தம்தான். அதை உனக்கு எழுதக்கூடாது என்றாள், எழுதிவிட்டேன். உன்னிடம் மறைத்து ஒரு கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று பட்டது.

என் வார்த்தை இதுதான். ரோஸ்டரில் உனக்கு வழி இருந்தால் மார்ச் இரண்டு. இல்லாவிட்டால் ஈஸ்டருக்குப் பிறகு. உன் பேர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஜெயபால்


பம்பாய்
28 பிப்ரவரி 1987, சனிக்கிழமை

அண்ணா,

அவசரம். நாளைக் காலை விமானத்தில் வருகிறவள் கையில் இது வரும்.

கையெழுத்து இருக்கட்டும் என்று வீரராகவனிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். ரோஸ்டர் இப்போதுதான் ஒட்டினார்கள். திங்கட்கிழமை எனக்கு ஸ்டாண்ட்பை.

ஆனால் வியாழக்கிழமை சங்கத்துடன் கம்பெனி பேசியது. ரோஸ்டரை முன்கூட்டி ஒட்டுவது பற்றி யோசிப்போம் என்று தள்ளிவிட்டார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இருவர் மனமொத்தால் தங்கள் டூட்டியை மாற்றிக்கொள்ளலாம், அதிகாரியிடம் கெஞ்ச வேண்டியதில்லை, எழுதித் தெரிவித்தால் போதும். பார்த்தால் சின்ன விஷயம். இதுவரை எங்களுக்கு அது கிடையாது.

இன்று சாயந்திரம் முதல் ஆளாக நான் மாற்றினேன். தாட்சாயிணி அக்கா என் ஸ்டாண்ட்பையை எடுத்துக்கொண்டு, தன் மெட்ராஸ் விமானத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். காலையில் வந்து சாயந்திரமே திரும்ப வேண்டும். வீரராகவன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுக்க அதில் இடம் இல்லை.

விமானம் எப்போது இறங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஐயரிடம் சொல், நான் வரும்வரை தாலியை எடுக்க வேண்டாம். வலை வாங்கிவிட்டேன், புடவையோடு இதே தோழி தருவாள். இரண்டும் ஒரே வெள்ளை.

ஞானம்


ஆவடி
6 மார்ச் 1987

அன்புத் தங்கச்சிக்கு,

புதுமாப்பிள்ளை எழுதுகிறேன். நீ இருந்த கொஞ்ச நேரத்தில் பார்க்காததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

மணி அடித்து, பாட்டு முடிந்து, வேதம் வாசித்து, உன்னைக் காணோம். ஐயர் பிரசங்கம் நீளம் என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தவன் நான். அன்றைக்கு அவர் காதில், "ஐயா, இன்னிக்கு மட்டும் மனசு வெச்சு நீட்டுங்க" என்றேன். மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஆதாமின் விலா எலும்பில் ஆரம்பித்தார். ரெபெக்காள் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியதை ஒவ்வொரு ஒட்டகமாகச் சொன்னார். யாக்கோபு ராகேலுக்காகக் காத்திருந்த கதை வந்தபோது என்னையே பார்த்தார். மாமா வாசலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். சாராள் வலைக்குள்ளிருந்து, "வருவா, சும்மா இருங்க" என்றாள், நான் ஒன்றுமே பேசாதபோது.

ஐயர் கானாவூர் கல்யாணக் கதைக்கு வந்து ஜாடிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்சி சத்தம். தண்ணீர் திராட்சரசம் ஆவதற்கு முன்னாலேயே நீ உள்ளே வந்துவிட்டாய். ஐயருக்கு உன்மேல் அதில் கொஞ்சம் வருத்தம்.

யூனிபார்ம் புடவையில், நெஞ்சில் அந்தச் சின்ன இறக்கை பேட்ஜை மாட்டிக்கொண்டு, நீ நடந்து வந்ததைப் பார்த்து முன்வரிசையில் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், கலெக்டர் என்று நினைத்து. நான் முதல் முடிச்சுப் போட்டேன். மற்ற இரண்டும் நீ. பிறகு மாமா கிட்டே வந்து, தண்டவாளத்தில் போல்ட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். "டைட்டா கீது" என்றார். அதற்கப்புறம் பாவம், கைக்குட்டையைத் தேடினார், கிடைக்காமல் என் புதுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

நானே ஆக்கிய பிரியாணியை இலையில் போட்டுச் சாப்பிடாமல் பொட்டலமாக வாங்கிக்கொண்டு ஓடிய ஒரே நாத்தனார் நீதான்.

ஒரு கேள்வி. முடிச்சுப் போடும்போது சாராள் காதில் நீ என்னமோ சொன்னாய். அவளும் என்னமோ சொன்னாள். தாலி கட்டுகிற இடத்தில் சிரித்தீர்கள். கேட்டால், "அது எங்க விசயம்" என்கிறாள். கல்யாணம் ஆகி நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் எனக்குத் தெரியாத விஷயமா? நீயாவது சொல்.

ஜெயபால்


பம்பாய்
24 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

பூந்தமல்லியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் டாக்சி அசையாமல் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை, வழி விட்டது. இல்லாவிட்டால் கலெக்டர் வெறுங்காலில் வந்திருப்பார்.

பிரியாணியைத் திரும்பும் விமானத்தில், பயணிகள் எல்லாருக்கும் பரிமாறிய பிறகு பின்னால் நின்று நாங்கள் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டோம். கேப்டன் உன் சமையலுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். சாம்பாரைச் சாப்பிட்டதில்லை அவர்.

இங்கே டூட்டி மாற்றும் தாள்கள் குவிகின்றன. ஒருத்தி அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு, ஒருத்தி பரீட்சைக்கு. என் தாளைத்தான் மாதிரியாகப் பார்த்து எழுதுகிறார்கள். ரோஸ்டரை முன்கூட்டி ஒட்டச் சொல்லி அடுத்த மாதம் மறுபடி பேச்சுவார்த்தை. இந்தத் தடவை அக்காவின் பக்கத்தில் நானும் உட்காரப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை வலிக்கவில்லை.

இப்போது உன் கேள்வி. அண்ணியிடம் அனுமதி கேட்டு எழுதி, வந்த பிறகே சொல்கிறேன். நான் சொன்னது இது. "அண்ணி, எங்க அண்ணனைத் தனியா சமாளிக்க முடியாது. நாம ரெண்டு பேரும் ஒரு சங்கம் வெச்சுக்கலாம்."

அதற்கு அண்ணி, "நான் எப்பவோ வெச்சிட்டேன். உன்னதான் சேக்கணும்" என்றார்.

ஞானம்


ஆவடி
30 மார்ச் 1987

அன்புத் தங்கச்சிக்கு,

அனுமதி கேட்டு நீ எழுதிய கடிதம் என் வீட்டுக்கு வந்து, என் கண்ணில் படாமல் போய், பதிலும் போயிருக்கிறது. நல்ல சங்கம்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய உடனே உங்கள் சங்கம் என்னிடம் முதல் கோரிக்கையை வைத்துவிட்டது. நான் கரண்டியும் கையுமாக நின்றேன். சாராள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருசத்துலேர்ந்து கிறிஸ்மஸுக்கு நீங்க இருவத்தஞ்சாந் தேதி பிரியாணி போடக் கூடாது."

"அன்னிக்குத்தானேடி கிறிஸ்மஸு?"

"அது கோயிலுக்கு. அன்னிக்கு ஞானத்துக்கு எங்க டூட்டி போடுவானுங்களோ தெரியாது. அவ என்னிக்கு வராளோ, அன்னிக்குத்தான் இந்த ஊட்ல கிறிஸ்மஸு. அது ஜனவரியா இருந்தாலும் சரி. மார்ச்சா இருந்தாலும் சரி. அதுவரிக்கும் வாசல் நட்சத்திரத்த எறக்கக் கூடாது."

நிர்வாகம் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நடித்தது. பிறகு, போன கிறிஸ்மஸே உனக்கு இன்னும் பாக்கி என்று பரண்மேல் ஏறி நட்சத்திரத்தைத் தேடி எடுத்துத் துடைத்துக் கட்டிவிட்டேன். இப்போது மார்ச் மாதத்தில் நம் வாசலில் மட்டும் நட்சத்திரம் எரிகிறது. தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சாராள், "எங்க நாத்தனாருக்கு இன்னும் ரோஸ்டர் வர்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் அண்ணன்,
ஜெயபால்